திரைக்குக் கீழே வந்த வாற்கோதுமை

"பீபி, ஒருத்தர் கண்டதாச் சொல்ற கனவு மெய்யா பொய்யான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

திரைக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"முதல்ல இவ தூங்கட்டும்," என்றது குரல். "அப்புறம் கனவைப் பத்திப் பேசலாம்."

புந்தார் காத்திருந்தார்.

பிள்ளை தூங்கவில்லை.

குராசான் சீமையில் ஜூயாபாத் என்று ஓர் ஊர். புந்தார் அந்த ஊர்க்காரர். மரியாதைக்காக அவரை எல்லோரும் கோஜா என்பார்கள். வயது ஐம்பத்திரண்டு. தாடி பாதிக்கு மேல் வெளுத்துவிட்டது. ஊரின் வரலாற்றை எழுதித் தரும்படி ஊரை ஆளும் அமீர் அவரிடம் கேட்டு மூன்று வருஷமாகிறது. கோட்டையை யார் கட்டினார், எந்தக் கிணற்றை யார் தோண்டினார், எந்தப் பெரியவர் எந்த மண்ணில் அடங்கியிருக்கிறார் என்று வீடு வீடாக ஏறி இறங்கிக் கேட்டு எழுதியிருந்தார். செருப்பு மட்டுமே நாலு ஜோடி தேய்ந்துபோயிற்று.

திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஹுர்ரா பீபி. வயது இருபத்தெட்டு. புந்தாருக்கு அவர்தான் உஸ்தாத், பாடம் சொல்லும் ஆசான்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அந்த நாட்டு வழக்கம் அப்படி. நபிமொழி சொல்லும் மிகவும் வயதான பெரியவர்களிடம் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார்கள். பெரியவர் இன்றோ நாளையோ போய்விடுவார். பிள்ளை இன்னும் அறுபது எழுபது வருஷம் இருக்கும். ஒரு சொல் காதுக்கு வந்து சேர நடுவில் எத்தனை பேர் குறைகிறார்களோ, அத்தனை மதிப்பு அந்தச் சொல்லுக்கு.

ஹுர்ராவை ஐந்து வயதில் தொண்ணூறு வயதுப் பெரியவர் முன்னால் உட்கார வைத்தார்கள். மறுவருஷமே பெரியவர் கண்ணை மூடினார். அவர் வாயால் கேட்டவர்களில் இப்போது உயிரோடு இருப்பது ஹுர்ரா ஒருவர்தான். அதனால் தாடி வெளுத்தவர்களெல்லாம் அவர் வீட்டுத் திரைக்கு முன்னால் வந்து முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள்.

எழுத்து அவருக்கு அவ்வளவாக வராது. கேட்டது மறக்காது, அவ்வளவுதான்.

இப்போது அவருக்குப் பத்து மாதப் பெண் குழந்தை. பல் முளைக்கிற சமயம். கணவர் வியாபாரக் கூட்டத்தோடு ஹெராத் போயிருந்தார்.

"சொல்லுங்க கோஜா," என்றார் ஹுர்ரா. "இவ தூங்குவாள்னு காத்துக்கிட்டிருந்தா உங்களுக்கு மிச்சத் தாடியும் வெளுத்துடும்."

புந்தார் சொன்னார்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஊரில் கொள்ளைநோய் வந்தது. அப்போது ஷெய்கு சஹ்லான் என்று ஒரு நல்ல மனிதர் இருந்தார். நோய் கண்டவர்களைத் தொட்டுத் தூக்கித் தண்ணீர் கொடுத்தவர் அவர் ஒருவர்தான். கடைசியில் அவரும் போனார். அந்த அவசரத்தில் யார் யாரை எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவர் கபுர் எங்கே என்று தெரியவில்லையே என்பது ஊருக்குத் தீராத மனக்குறை.

போன மாதம் பட்டு வியாபாரி மர்ஸ்பான் ஒரு கனவு கண்டார். ஷெய்கு சஹ்லான் வெள்ளை உடுத்தி வந்தாராம். குல்நாருடைய வீட்டு முற்றத்தைக் காட்டி, நான் இங்கே அடங்கியிருக்கிறேன் என்றாராம்.

குல்நார் கம்பளிமயிரை நனைத்துத் தட்டி விரிப்பு செய்கிறவர். கணவர் இல்லை. வீடு சின்னதுதான். ஆனால் ஒரு பாக்கியம் உண்டு. மலையிலிருந்து நிலத்துக்கடியில் ஓடிவரும் வாய்க்கால் அந்த வீட்டுக்குக் கீழே போகிறது. முற்றத்திலேயே படி இறங்கித் தண்ணீர் மொள்ளலாம். அந்தத் தெருப் பெண்கள் எல்லோருக்கும் அதுதான் தண்ணீர்.

மர்ஸ்பானுடைய சாயப்பட்டறை அந்த வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டி இருந்தது. பட்டறைக்குத் தண்ணீர் இல்லை.

மூன்று தடவை வீட்டைக் கேட்டார் மர்ஸ்பான். குல்நார் கொடுக்கவில்லை. நாலாவது தடவை ஷெய்கே வந்து கேட்டுவிட்டார்.

"இதை நான் புத்தகத்துல எழுதினா, வர்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுல அமீர் முன்னால வாசிச்சாகணும். அன்னிக்கே கபுருக்குக் கல் நட்டுடுவாங்க. கல் இப்பவே பள்ளிவாசல் வாசல்ல வந்து கிடக்கு. கபுர் வந்தா மர்ஸ்பான்தான் அதுக்குக் காவல். குல்நார் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டுத் தெருவுக்கு வரணும்."

"எழுதாதீங்க."

புந்தாருக்கு எரிச்சல் வந்தது. எழுதாமல் விடுவதற்கு இது என்ன அவருடைய சொந்தக் கடிதமா. அவருக்கு ஒரு முறை இருந்தது. கனவுக்குள் யாரும் போய்ப் பார்க்க முடியாது. கண்டவர் நம்பத் தகுந்தவரா என்று மட்டும் பார்ப்பார். மர்ஸ்பான் ஒரு வேளை தொழுகையையும் விட்டதில்லை. சந்தையில் பொய் சொன்னதாக ஒருவரும் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தார் நாலு பேர் சாட்சி. அப்படிப்பட்டவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டால், மற்றதையெல்லாம் எதை நம்பி எழுதினாய் என்று கேட்பார்கள்.

அந்தக் கேள்விக்குத்தான் அவர் பயந்தார். ஏனென்றால் புத்தகம் முழுக்கக் கனவு. பள்ளிவாசலைக் கட்டியவர் இடத்தைக் கனவில் கண்டார். பெரிய கிணறு வெட்டியவர் கனவில் கண்டார். காஜி ஒருவருக்கு வேலை கிடைத்ததே ஒரு கனவால்தான். மூன்று வருஷமாக அவர் கதவைத் தட்டின வீட்டிலெல்லாம் கனவை எடுத்து வைத்தார்கள்.

"இந்த ஊர்ல முழிச்சிருந்து யாருமே ஒண்ணும் செஞ்சதில்லை போலிருக்கு பீபி," என்றார்.

திரைக்குப் பின்னால் தொட்டில் கிரீச் கிரீச்சென்று ஆடிக்கொண்டிருந்தது.

"புத்தகத்தை வாசிங்க," என்றார் ஹுர்ரா.

புந்தார் ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்தார். மர்ஸ்பானுடைய கனவு அதில்தான் வரவேண்டும். இரண்டு வரி வாசிப்பதற்குள்,

"அது இல்லை. முதல்லேர்ந்து."

"பீபி, ஜும்ஆவுக்கு அஞ்சு நாள்தான் இருக்கு."

"முதல்லேர்ந்து."

பிள்ளை வீறிட்டு அழுதது. அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று ஹுர்ரா சொன்னதைக்கூடப் புந்தார் குறிப்பால்தான் தெரிந்துகொண்டார்.

மறுநாள் வரும் வழியில் குல்நார் அவரைப் பிடித்துக்கொண்டார். முழங்கை வரை ஈரக் கம்பளிமயிர் ஒட்டியிருந்தது. கழுவக்கூட இல்லை, அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"கோஜா, ஒண்ணு கேட்கணும். என் முற்றத்துல ஷெய்கு ஒருத்தர்தான் இருக்காரா, வேற யாராவது இருக்காங்களா? கணக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் சேர்த்து ரொட்டி சுட்டுடுவேன்."

புந்தார் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் எழுதவில்லை என்றார்.

"முப்பது வருஷமா அந்த இடத்துல பாய் விரிச்சுப் படுக்கிறவ நான். என் கனவுல ஏன் அவர் வரலை? பின்சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சொல்லுவாரா?"

"நீங்க கண்டிருந்தா அதையும் எழுதியிருப்பேன்," என்றார் புந்தார். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்க வேண்டாம் என்று பட்டது.

குல்நார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்படியா. இப்பவே போய்ப் படுக்கிறேன். என்ன வேணும்னு சொல்லுங்க, அதையே கண்டுட்டு வர்றேன்."

அந்தப் பேச்சு கிளப்பிய கோபத்தோடு புந்தார் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை ஏழாம் அத்தியாயத்தைத் தொடவில்லை. ஒழுங்காக முதல் அத்தியாயத்திலிருந்து ஆரம்பித்தார். ஜூயாபாத் கோட்டை, அதன் நாலு வாசல், அதைக் கட்டிய அரசர் கண்ட கனவு.

"முதல்லேர்ந்துன்னு சொன்னேன்."

"பீபி, இதுதான் முதல் அத்தியாயம்."

"இதுக்கு முன்னால ஏடே கிடையாதா?"

"இருக்கு. முகவுரை. இறைவனைப் புகழறது, அமீரைப் புகழறது, வழக்கமா எல்லாரும் எழுதறது. அதைப் போய் எதுக்கு வாசிக்கிறது?"

திரைக்குப் பின்னால் பிள்ளை எதையோ கடித்துக்கொண்டு உம் உம் என்றது. புந்தார் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுக்க முடியாமல் கேட்டே விட்டார். நபிமொழி சொல்கிறவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்கத்தான் வந்திருக்கிறார். கனவு பொய்யென்றால் பொய், மெய்யென்றால் மெய். ஒரு வார்த்தை சொன்னால் போதாதா. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற நேரத்தில் சொல்லிவிடலாமே.

அப்போது திரைக்குக் கீழே ஒரு கை வந்தது. விரலில் மாவு ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் இரண்டு வாற்கோதுமை மணிகள்.

"முடிச்சுப் போடுங்க," என்றார் ஹுர்ரா.

புந்தாருக்குச் சட்டென்று முகம் மலர்ந்தது. அந்தச் சொல் அவருக்குத் தெரியும். ஹுர்ராவிடமே கேட்டு எழுதிவைத்திருக்கிறார். காணாத கனவைக் கண்டேன் என்று சொன்னவரிடம் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளைக் கொடுத்து, இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போடு என்பார்கள். அவரால் முடியவே முடியாது.

இதைவிட நல்ல வழி உண்டா. மணிகளை வாங்கித் தலைப்பாகை ஓரத்தில் முடிந்துகொண்டு, ஸலாம் சொல்வதையும் மறந்து எழுந்து போனார்.

மர்ஸ்பான் வீட்டில் அவருக்கு மெத்தை போட்டார்கள். மாதுளைச் சாறு வந்தது. பட்டு வியாபாரி புந்தாரைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். குரலை உயர்த்தத் தெரியாதவர். புந்தார் சாற்றைத் தொடவில்லை. மணிகளை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தார்.

மர்ஸ்பானுக்கும் அந்தச் சொல் தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது. கொஞ்ச நேரம் மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். புந்தார் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார்.

மர்ஸ்பான் இரண்டையும் எடுத்து வாயில் போட்டு மென்றார்.

"கோஜா," என்றார், மென்று முடித்துவிட்டு. "நாம ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க. என் கனவை நீங்க சந்தேகப்பட்டா, உங்க புத்தகத்தை நாளைக்கு யாரு நம்புவாங்க?"

அப்படிச் சொல்லிவிட்டு நிஜமாகவே கண்கலங்கினார். நெஞ்சில் கையை வைத்து, கண்டது கண்டதுதான் என்றார். அது நடிப்பாகவும் தெரியவில்லை. வெளியே வந்தபோது வாசலில் சாட்சிக்காரர்கள் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் நல்லவர்கள். அதுதான் தொந்தரவு.

புதன்கிழமை அவர் திரைக்கு முன்னால் வந்து உட்காரும்போது கதவை அறைந்து சாத்தினார். பிள்ளை விழித்துக்கொண்டது.

"இப்பத்தான் கண்ணசந்தா," என்றார் ஹுர்ரா. அந்தக் குரலில் களைப்பு மட்டும்தான் இருந்தது.

புந்தார் மன்னிப்புக் கேட்டார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"தின்னுட்டாரு பீபி. ரெண்டையும் வாயில போட்டுத் தின்னுட்டாரு."

"எதை?"

"நீங்க கொடுத்த மணியைத்தான்."

"அவருக்குக் கொடுக்கச் சொன்னேனா?"



திரைக்குக் கீழே மறுபடி அந்தக் கை வந்தது. மறுபடி இரண்டு மணிகள்.

"இது உங்களுக்கு. முடிச்சுப் போட்டுக்கிட்டே வாசிங்க. முதல்லேர்ந்து."

"நான் யார்கிட்டயும் ஒரு கனவும் சொல்லலை பீபி. படுத்தா அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறவன் நான். எனக்குக் கனவே வராது."

"சரி. வாசிங்க."

வீம்புக்காக வாசித்தார். இறைவனைப் புகழ்ந்த பகுதியை வாசித்தார். அமீரைப் புகழ்ந்த பகுதியை இன்னும் கொஞ்சம் வேகமாக வாசித்தார். அதற்குப் பிறகு வந்ததை அவருக்கு வேகமாக வாசிக்க மனம் வரவில்லை. அது அவருக்கே பிடித்த இடம். குரல் தானாக நிமிர்ந்தது.

"இந்நூல் எழுதப்பட்ட காரணம். எளியவனாகிய நான், ரமலான் மாதத்தின் இருபத்தோராம் நாள் வைகறையில் உறங்கிக்கொண்டிருந்தேன். அப்போது வெண்ணிற ஆடை அணிந்த பெரியவர் ஒருவர் தோன்றினார். அவர் கையில் நாணல் எழுதுகோல் ஒன்று இருந்தது. அதை என்னிடம் நீட்டி, எழுதுவாயாக, இவ்வூரின் நல்லோர் மறக்கப்பட்டுக் கிடக்கிறார்கள் என்றார். நான் விழித்தபோது என் விரல்களில் மை மணந்தது."

கடைசி வரியை எழுத அவருக்கு இரண்டு நாள் ஆகியிருந்தது.



"யாரு அவர்?"

"யாரு?"

"எழுதுகோல் கொடுத்தவர்."

"அது முகவுரை பீபி."

"பெரியவரா இருந்தாரே. பேரு கேட்டீங்களா?"

"பீபி, எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. பக்கத்து ஊர் வரலாற்றை எடுங்க, அதிலயும் ஒருத்தர் வந்து எழுதுன்னு சொல்லியிருப்பார். அதுக்கு முந்தினதை எடுங்க, அதிலயும் இருக்கும். அது இல்லேன்னா, உன்னை யாரு எழுதச் சொன்னதுன்னு முதல் ஏட்டுலயே மூடி வெச்சுடுவாங்க."

"ரமலான் இருபத்தொண்ணு?"

"அது நல்ல நாள்," என்றார் புந்தார். குரல் இறங்கிவிட்டது.

கையில் இரண்டு மணிகள் இருந்தன. பேசிக்கொண்டே அவற்றை ஒன்றோடொன்று அழுத்திக்கொண்டிருந்திருக்கிறார். விரல்நுனியில் பள்ளம் விழுந்திருந்தது.

ஹுர்ரா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே சொன்னார். ஐந்து வயதில் பெரியவர் முன்னால் அவரை உட்கார வைத்தார்களே, அப்போது பெரியவர் பக்கத்தில் ஒரு தட்டில் பேரீச்சம்பழம் இருந்ததாம். கேட்க வெட்கம். அதனால், தாத்தா, நேற்றுக் கனவில் நீங்கள் எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தீர்கள் என்றாராம். பெரியவர் ஒன்று எடுத்துக் கொடுத்தார். கூடவே இரண்டு வாற்கோதுமை மணிகளையும் கொடுத்தார்.

"அப்புறம்?"

"அன்னிக்கு முழுக்க முடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தேன். பழம் கையிலயே நசுங்கிப் போச்சு."



புந்தாருக்குக் கோபம் யார்மேல் என்று தெரியவில்லை. ஏட்டைப் பார்த்தார். அழகான கையெழுத்து. ஓரத்தில் நீலப் பூவேலை வேறு செய்திருந்தார். இதை எடுத்துவிட்டால் புத்தகத்தை எந்த வாயால் ஆரம்பிப்பது, அமீர் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று கேட்டார். கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

திரைக்குக் கீழே ஒரு மண்கிண்ணம் வந்தது. அதில் தண்ணீர். பக்கத்தில் ஒரு துணி.

"சத்தம் போடாம கழுவுங்க," என்றார் ஹுர்ரா. "மறுபடி தூங்கப் போறா."

வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் நிரம்பி வழிந்தது. அமீர் முன்வரிசையில் இருந்தார். மர்ஸ்பான் அவருக்குப் பின்னால். பெண்கள் மரத்தட்டிக்கு அந்தப் பக்கம். குல்நார் அங்கேதான் இருக்கவேண்டும் என்று புந்தார் நினைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முதல் ஏட்டை எடுத்தார். கழுவிக் காயவைத்ததில் அது சுருங்கி நின்றது. நீலப் பூவெல்லாம் கரைந்து திட்டுத் திட்டாக இருந்தது.

"இந்நூலை எழுதும்படி என் கனவில் யாரும் வரவில்லை," என்று வாசித்தார். "அமீர் கேட்டார். நான் போய் விசாரித்தேன். சொன்னவர்கள் சொன்னபடி எழுதினேன். சிலவற்றைத் தப்பாகக் கேட்டிருப்பேன்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அமீர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். எழுதினவர் கண்ட கனவு இல்லாமல் ஒரு வரலாறு ஆரம்பிப்பதை அந்த ஊரில் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

புந்தார் வாசித்துக்கொண்டே போனார். ஏழாம் அத்தியாயம் வந்தது. ஏட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மர்ஸ்பானிடம் போய், அவர் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, அந்த இரண்டு மணிகளையும் வைத்தார்.

"இதை நான் காணலை. கண்டவர் நீங்க. உங்க வாயாலயே சொல்லுங்க. இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கிறேன்."

மர்ஸ்பான் கையைப் பார்த்தார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதை வாயில் போட முடியாது.

"அவர் வெள்ளை உடுத்தியிருந்தார்," என்றார்.

புந்தார் எழுதினார்.

"முகம்?"

"வெளிச்சமா இருந்துது. அதனால முகம் சரியாத் தெரியலை."

அதையும் எழுதினார்.

"என்ன சொன்னார்?"

மர்ஸ்பான் மணிகளை விரலால் உருட்டிக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. பிறகு, பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் என்பதால்,

"இங்கே தண்ணி நல்லா இருக்குன்னு சொன்னார்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர் மட்டும் இருமினார்.

"நான் இங்கே அடங்கியிருக்கேன்னு சொன்னாரா?"

"அது நாங்க புரிஞ்சுக்கிட்டது."

புந்தார் அதையும் அப்படியே எழுதினார். எழுதுகோல் கீறுகிற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது.

அமீர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இதற்காகவா மலையிலிருந்து கல்லை இழுத்துக்கொண்டு வரச் சொன்னேன் என்று பொதுவாக எல்லோரையும் பார்த்துக் கேட்டார். அடுத்த அத்தியாயத்தை வாசி என்றார்.

வாசிப்பு முடிந்ததும் வரலாறு எழுதுகிறவர்களுக்கு ஓர் அங்கி போர்த்துவது வழக்கம். அன்றைக்கு அங்கி வரவில்லை. புந்தார் தன் ஏடுகளைத் தானே கட்டித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். கல் பள்ளிவாசல் வாசலிலேயே கிடந்தது. மறுநாளே ஜனங்கள் அதன்மேல் உட்கார்ந்து செருப்பு மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் புந்தார் ஹுர்ரா வீட்டுக்கு வந்தார். திரை போட்டிருந்தது. தொட்டில் ஆடவில்லை. பிள்ளை அழவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் வந்துகொண்டிருந்தது.

குறட்டை.

உஸ்தாத் குறட்டை விடும்போது சீடன் என்ன செய்யவேண்டும் என்று அவர் எங்கும் கேட்டதில்லை. முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் குல்நார் ஒரு குடம் தண்ணீரோடு வந்தார். சத்தத்தைக் கேட்டதும் குடத்தை மெல்ல இறக்கி வைத்தார்.

"பீபிக்குக் கொண்டுவந்தேன்," என்றார் கிசுகிசுவென்று. "நல்ல தண்ணி. ஷெய்கே சொல்லியிருக்கார்."

குல்நாரும் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். வெயில் சுவரில் பாதி தூரம் ஏறியது. இரண்டு பேரும் அசையவில்லை.

பிறகு குறட்டை நின்றது. உள்ளே யாரோ புரண்டு படுத்தார்கள். வளையல் சத்தம் கேட்டது.

"யாரு?"

"நான்தான் பீபி. புந்தார்."

"ரொம்ப நேரமாச்சா?"

"இல்லை."

"இவளும் தூங்கறா," என்றார் ஹுர்ரா, நம்ப முடியாதவர் மாதிரி. "பத்து மாசத்துல இன்னிக்குத்தான் நான் கண்ணை மூடினேன்."

புந்தாருக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது.

"கனவு ஏதாவது கண்டீங்களா பீபி?"

"கண்டேன்."

புந்தாரின் கை, அவருக்கே தெரியாமல், இடுப்பில் செருகியிருந்த எழுதுகோலுக்குப் போயிற்று.

"கையை எடுங்க கோஜா," என்றது திரை.